சிங்கெட்டி பழைய பள்ளிவாசல்: போக நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவில், மொரிட்டேனியா நாட்டின் அத்ரார் பீடபூமியில், சஹாரா மணலின் விளிம்பில் இருக்கும் சிற்றூர் சிங்கெட்டி. அரபியில் ஷின்கீத். பேரீச்சந்தோப்பு ஒன்றை நம்பி எழுந்த பாலைவனச் சோலை அது. ஊரின் நடுவே கல்லால் கட்டிய பழைய பள்ளிவாசல் நிற்கிறது. அங்கே போக ஆசைப்படும் தமிழர்கள், முஸ்லிம்களும் மற்றவர்களும், கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது அருங்காட்சியகம் அல்ல. ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிற, ஊரார் தொழுகிற இடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

அவ்வளவு தூரம் போய்ப் பார்க்க அந்தப் பள்ளிவாசலில் என்ன இருக்கிறது?

பிரமாண்டத்தைத் தேடிப் போகிறவர் ஏமாந்துபோவார். குவிமாடம் கிடையாது, பளிங்கு கிடையாது, வண்ண ஓடுகள் கிடையாது. மினாரா என்ற பாங்குக் கோபுரம் உயரமானதும் அல்ல. சதுர வடிவில், பழுப்பு நிறக் கல்லில், மேலே போகப் போகச் சற்றே குறுகி நிற்கிறது. அந்த எளிமைதான் அதன் அழகு. அந்நாட்டு மக்கள் பின்பற்றுவது மாலிகி மத்ஹபு, அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று. தொழுகிறவரின் கவனத்தைக் கலைக்கும் அலங்காரம் பள்ளிவாசலில் வேண்டாம் என்பதில் அங்குள்ள ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) உறுதியாக இருந்தார்கள். அந்தக் கண்டிப்பைக் கல்லிலேயே பார்க்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. சஹாராவைக் கடந்த ஒட்டகக் கூட்டங்கள் கூடிக் கலைந்த ஊர் இது. உப்பும் தங்கமும் பேரீச்சம்பழமும் கைமாறிய சந்தை. மேற்கு சஹாராப் பகுதியிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள் இங்கே ஒன்றுகூடித்தான் கிழக்கே நடந்தார்கள். அதனால் அரபு உலகில் அந்தப் பகுதி முழுவதற்குமே ‘ஷின்கீத் நாடு’ என்று பெயர் வந்தது. மதீனாவில் கற்பித்த பேரறிஞர் முஹம்மது அல்-அமீன் அஷ்-ஷின்கீத்தி (மறைவு 1974) இந்த ஊர்க்காரர் அல்லர். ஆனாலும் அவர் பெயரோடு இந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்த ஊரின் பள்ளிவாசல் என்று நினைத்துப் பார்த்தால், அந்தச் சிறிய மினாரா வேறு மாதிரித் தெரியும்.

அது கி.பி. 777-இல் கட்டப்பட்டது என்று படித்தேன். சரியா?

777 என்பது ஊர் மரபு சொல்லும் ஆண்டு. அதுவும் இன்றைய சிங்கெட்டிக்கு உரியது அல்ல. பக்கத்தில் இருந்து, பின்னர் மணலுக்குள் போய்விட்ட அபைர் என்ற பழைய குடியிருப்போடு சேர்த்துச் சொல்லப்படுவது. இன்று நாம் பார்க்கும் பள்ளிவாசலை 13-ஆம் அல்லது 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக வரலாற்றாளர்கள் கணிக்கிறார்கள். 1970-களில் யுனெஸ்கோவின் உதவியோடு பழுது பார்க்கப்பட்டது. 1996-இல் உவதான், திஷீத், உவலாத்தா ஆகிய மூன்று பழைய ஊர்களோடு சேர்த்து சிங்கெட்டியும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நான் முஸ்லிம் அல்ல. உள்ளே விடுவார்களா?

இல்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக அனுமதி இல்லை. வழிகாட்டிக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து, “ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கேட்பது அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடும். அவர் அந்த ஊரில் வாழ வேண்டியவர். கேட்காதீர்கள்.

இதை மனக்குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்தப் பள்ளிவாசலின் சிறப்பில் பெரும்பகுதி வெளியிலிருந்தே தெரியக்கூடியது. சுற்றுச்சுவர் தாழ்வானது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் முற்றமும் மினாராவும் சேர்ந்தே தெரியும். பல விருந்தினர் விடுதிகளில் மொட்டைமாடி உண்டு. எந்த மாடியிலிருந்து பார்க்கலாம் என்பதை விடுதிக்காரரிடமே கேளுங்கள். வீட்டார் அனுமதி இல்லாமல் எந்த மாடியிலும் ஏறாதீர்கள். அடுத்த வீட்டு முற்றத்தில் பெண்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

வெளியிலிருந்து எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

முதலில் சுவரின் பக்கத்தில் போய் நின்று கல் அடுக்கைப் பாருங்கள். தட்டையாகப் பிளந்த கற்கள். சாந்து இல்லாமல் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். பெரிய கற்களுக்கு இடையில் விழும் சந்துகளில் விரல் கனத்துச் சில்லுகளைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். கல்லின் எடையே கல்லைப் பிடித்து நிற்கிறது. அத்ரார் பகுதி முழுவதும் இப்படித்தான் கட்டினார்கள். தண்ணீர் அரிதான ஊரில் சாந்து குழைப்பதற்குத் தண்ணீரைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

பிறகு கூரை. பேரீச்ச மரத்தைப் பிளந்து உத்திரமாகப் போட்டு, மேலே மண்ணைப் பரப்புவார்கள். பேரீச்ச மரம் நீளமான உத்திரத்துக்குத் தாங்காது. அதனால் தொழுகைக் கூடத்தை அகலமாக ஒரே வீச்சில் எடுக்க முடியாமல், தூண் வரிசைகளால் நான்கு நெடும் பத்திகளாகப் பிரித்திருக்கிறார்கள். கட்டடத்தின் உருவத்தைத் தோப்பில் நின்ற மரம் தீர்மானித்திருக்கிறது. கூடத்தை ஒட்டித் திறந்த முற்றம். வெயில் தாழ்ந்த வேளைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பள்ளிவாசலைச் சுற்றியுள்ள சந்துகளையும் விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டுக் கதவுகள் கருவேல இனத்து மரத்தால் ஆனவை. பூட்டும் மரம், சாவியும் மரம். ஒரு சாண் நீளக் கட்டையில் சின்னச் சின்ன முளைகள் நட்டிருக்கும். பூட்டுக்குள் விட்டு மேலே தூக்கினால், உள்ளே விழுந்திருக்கும் குச்சிகளை அந்த முளைகள் எழுப்பிவிடும், தாழ் நகரும். இரும்பே படாத பூட்டு. நூலகம் வைத்திருக்கும் குடும்பத்தார் சிலர் இதைத் திறந்து காட்டுவார்கள்.

மினாராவின் உச்சியில் வெள்ளையாக இருப்பவை முட்டைகளா?

ஆமாம், நெருப்புக்கோழி முட்டைகள். நான்கு மூலைகளில் நான்கு, நடுவில் ஒன்று. இப்படி முட்டை வைக்கும் வழக்கம் மாலியில் ஜென்னே நகரத்துப் பெரிய மண் பள்ளிவாசலிலும் உண்டு. தூய்மையின் அடையாளம் என்றும், வளத்தின் அடையாளம் என்றும் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. அலங்காரமே வேண்டாம் என்று கட்டிய கட்டடத்தில் இருக்கும் ஒரே அலங்காரம் இதுதான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. சஹாராவின் பெரும்பகுதியில் இன்று நெருப்புக்கோழி அற்றுப்போய்விட்டது. அதை நினைத்தால் அந்த ஐந்து முட்டைகளை இன்னும் சற்று நேரம் பார்க்கத் தோன்றும்.

நான் முஸ்லிம். அங்கே தொழுவதற்கும் நம் ஊரில் தொழுவதற்கும் வித்தியாசம் உண்டா?

தொழுகை ஒன்றுதான். ஆனால் நம்மவர்கள் முதல் நாளில் நான்கைந்து இடங்களில் திகைப்பார்கள்.

கிப்லா, அதாவது தொழும்போது நோக்கும் மக்காவின் திசை, முதலாவது. பிறந்ததிலிருந்து மேற்கு நோக்கியே தொழுது பழகியவர்கள் நாம். சிங்கெட்டி மக்காவுக்கு மேற்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே கிழக்கு நோக்கித் தொழ வேண்டும். மாலை மஃரிபுத் தொழுகைக்கு நிற்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் உலகத்தின் மறுபக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்பதை உடம்பே உணர்ந்துகொள்ளும் கணம் அது.

தமிழ்நாட்டில் நாம் ஹனஃபி அல்லது ஷாஃபி மத்ஹபு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி, உள்நாட்டில் பெரும்பாலும் ஹனஃபி. அங்கே மாலிகி என்பதால் பலர் கைகளைக் கட்டாமல் பக்கவாட்டில் தொங்கவிட்டுத் தொழுவார்கள். இமாம் ஃபாத்திஹாவுக்கு முன் பிஸ்மியைச் சத்தமாக ஓத மாட்டார். குர்ஆன் ஓதுவதும் நாம் கேட்டுப் பழகிய ஹஃப்ஸ் முறை அல்ல, வர்ஷ் என்ற இன்னொரு முறை. நீட்டலும் குறுக்கலும் சில இடங்களில் மாறும். இமாம் தவறாக ஓதுகிறார் என்று பின்னால் நின்று எடுத்துக்கொடுக்க முற்படாதீர்கள். நீங்கள் உங்கள் மத்ஹபின்படி தொழுவதில் யாருக்கும் ஆட்சேபம் இராது.

தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளு விஷயமும் அப்படித்தான். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் இருப்பதுபோல ஹவுள் (தொட்டி) நிறையத் தண்ணீரை எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறு பாத்திரத் தண்ணீரில் ஒளுவை முடித்துக்கொள்வார்கள். தண்ணீர் இல்லாதபோதும் நோயாளிகளுக்கும் ஒளுவுக்குப் பதிலாகக் கல்லில் கை வைத்துத் தயம்மும் செய்யும் வழக்கம் மொரிட்டேனியாவில் பரவலாக இருக்கிறது. அதற்கென்றே வீட்டில் வழவழப்பான கல் வைத்திருப்பார்கள். விடுதியிலேயே ஒளு செய்துகொண்டு போவது நல்லது.

பெண்கள் போகலாமா? உடை எப்படி இருக்க வேண்டும்?

ஊருக்குப் பெண்கள் தாராளமாகப் போகலாம். தொழ விரும்பும் முஸ்லிம் பெண்கள், பள்ளிவாசலுக்கு நேராகப் போய் நிற்காமல், தங்கியிருக்கும் வீட்டுப் பெண்களிடம் முதலில் கேட்பது நல்லது. அவர்களே அழைத்துப் போவார்கள் அல்லது வழி சொல்வார்கள். அந்நாட்டுப் பெண்கள் உடுத்துவது மெல்ஹஃபா: உடலையும் தலையையும் சுற்றிக் கட்டும் ஒரே நீளத் துணி. புடவை கட்டிப் பழகிய கைக்கு அது ஒரே நாளில் வந்துவிடும், சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் தளர்வான சுடிதாரும் பெரிய துப்பட்டாவும் போதும். ஆண்கள் அரைக்கால் சட்டையை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். நீளமான தலைப்பாகைத் துணி ஒன்று எல்லோருக்கும் வேண்டும். மணல் காற்று எழும்போது அதன் அருமை தெரியும்.

படம் எடுக்கலாமா?

கட்டடத்தை வெளியிலிருந்து எடுக்கலாம். தொழுகிறவர்களை எடுக்கக் கூடாது. மனிதர்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் எடுக்கக் கூடாது. சாலைச் சோதனைச் சாவடிகளையும் காவலர்களையும் எடுக்கவே கூடாது.

“இஸ்லாத்தின் ஏழாவது புனித நகரம்” என்கிறார்களே?

ஊர்க்காரர்களும் வழிகாட்டிகளும் பெருமையோடு சொல்வது. மக்கா, மதீனா, ஜெரூசலம் ஆகிய மூன்று பள்ளிகளுக்கு உள்ள சிறப்பு நபிமொழியான ஹதீஸில் வந்தது. ஏழாவது நகரம் என்ற கணக்குக்கு அப்படி ஒரு மார்க்க ஆதாரம் கிடையாது. ஆனாலும் அங்கே போய் அதை வாதாட வேண்டாம். மக்காவுக்குப் போக வசதியில்லாத ஏழைகள் தலைமுறை தலைமுறையாக, ஹாஜிகளை வழியனுப்ப வந்து நின்ற ஊர். அந்தப் பாசம் எங்கிருந்து வருகிறது என்பது புரியக்கூடியதே.

சுவடி நூலகங்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா? யாரும் பார்க்கலாமா?

இருக்கின்றன, பார்க்கலாம். என்னைக் கேட்டால், பள்ளிவாசலுக்குக் கொடுக்கும் நேரத்தைப்போல இரண்டு பங்கு இவற்றுக்குக் கொடுங்கள். நூலகம் என்றதும் பெரிய மண்டபத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. கல் வீட்டின் ஓர் அறையில், இரும்பு அலமாரியிலோ அட்டைப் பெட்டியிலோ, முன்னோர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள். அல் ஹபோத் குடும்ப நூலகம் அவற்றில் பெயர் பெற்றது. அங்கே மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் உண்டு.

குர்ஆன் பிரதிகளும் ஹதீஸும் ஃபிக்ஹ் என்ற மார்க்கச் சட்ட நூல்களும் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு வானியல், கணிதம், மருத்துவம், இலக்கணம், கவிதை என்று அலமாரி விரிந்துகொண்டே போகும். தோல் அட்டைக்குள் தளர்ந்த தாள்கள். கறுப்பு மையில் மூலம், சிவப்பில் தலைப்புகள், ஓரத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னால் வந்த மாணவர்களின் குறிப்புகள். காகிதம் அந்த ஊரில் பிறந்தது அல்ல. ஒட்டக முதுகில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்தது. அதனால்தான் ஓரத்தைக்கூட வீணாக்காமல் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுப் பரணில் கிடந்த ஓலைச்சுவடியைப்போல, கரையானும் வறட்சியும் கவனக்குறைவும் இவற்றுக்கும் எதிரிகள்.

பள்ளிவாசலையும் இந்த நூலகங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் விளங்கும். பள்ளிவாசலில் தொழுதவர்கள்தான் அதன் நிழலில் உட்கார்ந்து படித்தார்கள், படித்ததைப் படியெடுத்தார்கள். மஹத்ரா என்ற அந்தக் கல்வி முறை இன்றும் மொரிட்டேனியாவில் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகள் மரப் பலகையில் எழுதி, மனப்பாடம் செய்து, கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதுவார்கள். 2023-இல் யுனெஸ்கோ அதைத் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

நூலகத்தில் நடந்துகொள்ளும் முறை எளியது. உரிமையாளர் காட்டும்வரை காத்திருங்கள். நீங்களாக எதையும் தொடாதீர்கள். ஃபிளாஷ் போடாதீர்கள். முடிவில் கட்டணமோ நன்கொடையோ தாராளமாகக் கொடுங்கள். அதில்தான் அந்தக் குடும்பம் சுவடிகளைக் காப்பாற்றுகிறது. அரசிடமோ பெரிய நூலகத்திடமோ ஒப்படைத்தால் பாதுகாப்பாக இருக்குமே என்று சிலர் அறிவுரை சொல்லத் தொடங்குவார்கள். முன்னோர் தந்ததை வீட்டைவிட்டு அனுப்ப மனம் வராமல் பல குடும்பங்கள் மறுத்திருக்கின்றன. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் வைத்திருந்ததால்தான் அவை இத்தனை நூற்றாண்டு இருந்தன.

யாராவது பழைய ஏடு ஒன்றை விலைக்குக் கொடுத்தால் வாங்கலாமா?

கூடாது. ஒரு தாளைக்கூட வாங்காதீர்கள். கைவினைப் பொருள், தோல் பை, மணி மாலை எது வேண்டுமானாலும் வாங்குங்கள்.

மணல் ஊரையே மூடிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பயம் பொய்யல்ல. ஊரின் தெற்கே உவரான் மணற்கடல் தொடங்குகிறது. பழைய ஊரின் சில சந்துகளில் வாசல்நிலை பாதிவரை மணல் ஏறியிருக்கிறது, சில வீடுகளின் கூரை மட்டுமே வெளியே தெரிகிறது. 1960-களின் இறுதியில் தொடங்கிய கடும் வறட்சியில் மேய்ச்சலும் மரம் செடியும் அழிந்து, மணலைப் பிடித்து வைத்திருந்த வேர்கள் போயின. பலர் ஊரைவிட்டுப் போனார்கள். ஆள் இல்லாத வீட்டு வாசலில் மணலை அள்ளிப்போட யார் இருக்கிறார்கள்? பேரீச்ச ஓலையை நட்டு வேலி கட்டி மணலைத் தடுக்கிறார்கள். பள்ளிவாசல் தப்பி நிற்பதற்குக் காரணம் அது தினமும் பயன்படுவதுதான்: தொழ வருகிறவர்கள் இருக்கும்வரை வாசலில் சேரும் மணலை அகற்றவும் ஆள் இருக்கும்.

இந்தியாவிலிருந்து எப்படிப் போவது?

நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல் அல்லது காசாபிளாங்கா வழியாகத் தலைநகர் நுவாக்சோட் போகலாம். அங்கிருந்து அத்தார் நகருக்குத் தார்ச்சாலையில் சுமார் 440 கிலோமீட்டர். அத்தாரிலிருந்து சிங்கெட்டிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். அந்தக் கடைசித் துண்டு கணவாய் ஏறிப் போகும் கரடுமுரடான பாதை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியும் பாதை தெரிந்த ஓட்டுநரும் வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா தேவை. 2025 தொடக்கத்திலிருந்து இணையத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை வந்திருக்கிறது. டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பலரும் மறப்பது: பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் விசாவையும் நிறைய நகல் எடுத்துக் கையில் வைத்திருங்கள். வழிநெடுகச் சோதனைச் சாவடிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் நகலைக் கொடுத்துவிட்டால் உடனே விடுவார்கள். இல்லையென்றால் காவலர் உங்கள் விவரத்தைக் கையால் எழுதி முடிக்கும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பானதா?

நாட்டின் எல்லைப் பகுதிகள், குறிப்பாக மாலி எல்லையை ஒட்டிய கிழக்குப் பகுதி, பயணிகள் போகக் கூடாத இடங்கள். அத்ரார் பயணிகள் வழக்கமாகப் போய்வரும் பகுதி. புறப்படும் முன் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். நுவாக்சோட்டில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. உங்கள் பயணத் திட்டத்தை அங்கே தெரிவித்துவிட்டுப் போங்கள். மணல்மேட்டுக்குள் தனியாக நடந்து போகாதீர்கள். காற்று ஒருமுறை வீசினால் கால் தடம் மறைந்துவிடும்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகல் இதமாக இருக்கும், இரவில் கம்பளி தேவைப்படும். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் போகும். ஆனால் ஜூலை, ஆகஸ்ட் பேரீச்சம்பழம் பறிக்கும் காலம். கெத்னா என்பார்கள். நகரத்துக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள் தோப்புக்குத் திரும்பி வந்து தங்கும். வெயிலைத் தாங்கும் உடம்பு இருந்தால், ஊர் நிறைந்து கலகலப்பாக இருப்பதைப் பார்க்க அதுவே நேரம்.

பணம், சாப்பாடு, மொழி?

நாணயம் உகியா. 2018-இல் பத்துப் பழைய உகியாவை ஒரு புதிய உகியா ஆக்கினார்கள். பலர் இன்னும் பழைய கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். விலை பத்து மடங்காகத் தோன்றினால் பதற்றப்படாமல், “புதியதா, பழையதா?” என்று கேளுங்கள். வங்கி அட்டையை நம்பாமல் ரொக்கம் கொண்டு போங்கள். பேசுவது ஹஸ்ஸானியா அரபி, ஃபிரெஞ்சும் புழங்கும். ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி வேண்டுமென்றால் நுவாக்சோட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாப்பாடு பெரும்பாலும் கூஸ்கூஸ், சோறு, ஆட்டிறைச்சி, ஒட்டக இறைச்சி. சைவர்கள் பருப்புப்பொடி, ஊறுகாய், அவல் எடுத்துப் போனால் பிழைத்துக்கொள்ளலாம். பேரீச்சம்பழமும் ரொட்டியும் எங்கும் கிடைக்கும். மது நாட்டிலேயே தடை.

தேநீர் கொடுத்தால் மூன்று சுற்று. ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி ஊற்றி நுரை எழுப்பித் தருவார்கள். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதை அல்ல. அவசரம் என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

சிங்கெட்டிக்கு மட்டும் இரண்டு இரவு. சாலைப் பயணத்தையும் சேர்த்தால் நுவாக்சோட்டிலிருந்து போய்த் திரும்பக் குறைந்தது ஐந்து நாள். வசதி இருந்தால் உவதானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு பழைய பள்ளிவாசலின் இடிபாடு இருக்கிறது. மனிதர் கைவிட்டால் இந்தக் கல் அடுக்கு என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம். முஸ்லிம்கள் முடிந்தால் வெள்ளிக்கிழமை சிங்கெட்டியில் இருக்கும்படி திட்டமிடுங்கள். மற்றவர்கள் ஜும்ஆ நேரத்தில் நூலகங்களும் கடைகளும் மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு, அன்று காலையிலேயே அவற்றைப் பார்த்துவிடுங்கள்.